கறுக்காத வேர்

மர ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் தூக்கம் என்பதையே மறந்து, காலையிலேயே கண் சொருக உட்கார்ந்திருந்தாள்.

விதைப் பிரிவிலிருந்து புதிதாக மாறி வந்திருந்த பெண், வாசலில் துளிர்த்து நின்ற மரத்தின் வேர்த்துண்டில் அயோடினைச் சொட்டினாள். மாவுச்சத்து இருந்தால் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை.

"மருந்து கெட்டுப்போச்சுக்கா. அந்த மரம் எப்படித் துளிர்த்து நிக்குது! அதோட வேர் காலியா இருக்குமா?"

சந்தேகம் தீராமல் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த ரொட்டியைப் பிய்த்து அதன்மேலும் ஒரு சொட்டு விட்டாள். ரொட்டி கன்னங்கரேலென்று ஆனது.

"மருந்து நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "இலை உதிர்றதுக்கு முன்னாடி வேர்ல இறக்கி வெச்சதையெல்லாம் வழிச்சுத் துடைச்சுத் துளிருக்காக மேலே அனுப்பிடுச்சு. புது இலை முத்தி, சர்க்கரை செஞ்சு, கீழே அனுப்பினாத்தான் உண்டு."

"அதுவரைக்கும் வேருக்கு?"

"பட்டினிதான். ஆனா பாக்குறவங்களுக்குப் பச்சைதானே தெரியும்?"

அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பிள்ளை பெத்து வந்ததுலேர்ந்து நீங்களும் தளதளன்னு இருக்கீங்கக்கா!"

அக்கா அந்தப் பெண்ணின் டப்பாவில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்து, நின்றபடியே மளமளவென்று தின்றாள்.