கடலில் கிடந்த நாற்பத்து மூன்று புகார்கள்

தண்ணீர் வாரியத்தின் இரண்டாம் மாடியில் அவளை எல்லோரும் வரைபடக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரியம் மென்பொருள் வாங்கித் தரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ரகமல்ல அவள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் இலவச வரைபட மென்பொருளைத் தன் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டாள். அதைப் புகார்ப் பிரிவின் தரவுத்தளத்தோடு இணைக்க மூன்று நாள் மல்லுக்கட்டினாள். முகவரி சரியாக இருந்தால் கடவுச்சொல் தப்பு. கடவுச்சொல் சரியாக இருந்தால் உள்ளே விட அனுமதியில்லை. நான்காம் நாள் காலை 'இணைப்பு வெற்றி' என்று வந்தது. பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது; அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதி. போதும். அடுத்த நொடி ஊர் முழுக்கச் சடசடவென்று சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் குழாயில் தண்ணீர் வராத ஒரு வீடு.

ஆனால் மேட்டுச் சந்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அங்கேதான் அவளுடைய அக்கா இருக்கிறாள். எண்பத்தாறு படி ஏறி இறங்கித் தண்ணீர் சுமந்தே இடுப்பு போனவள். புகார் கொடுத்துவிட்டு, அது என்ன ஆச்சு என்று வாரம் தவறாமல் போன் போட்டுக் கேட்கிறவள். அந்தச் சந்தின் புகாரெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது?

படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். ஊர் கடுகாகி மறைந்தது. கடைசியில் பெருங்கடலின் நடுவே ஒற்றைப் புள்ளி தெரிந்தது. அதைச் சொடுக்கினால் நாற்பத்து மூன்று புகார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அத்தனையும் மேட்டுச் சந்து. வாரியத்தின் தெருப் பட்டியலில் அந்தச் சந்து கிடையாது. பட்டியலில் இல்லாத தெருவிலிருந்து யார் கூப்பிட்டாலும், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கும் இரண்டு கட்டங்களிலும் புகார்ப் பிரிவில் பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்கள். பூமியில் அந்த இரண்டு பூஜ்யமும் சந்திக்கிற இடம் நடுக்கடல்.

நேராகப் பெரிய பொறியாளரின் அறைக்குப் போனாள். தனக்குத் தோதுப்படாத எதையும் அழித்துவிடுவதால் அவருக்கு மாடி முழுக்க ரப்பர் என்று பெயர்.

"சார், இந்த நாப்பத்து மூணும் கடல்ல கிடக்குது. நெசத்துல இது மேட்டுச் சந்து."

"கடல்ல இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா தண்ணி?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். "படத்துலேர்ந்து அழிச்சிடு. வியாழக்கிழமை கூட்டத்துல புதுக் குழாய் எந்த வழியா போகணும்னு முடிவு பண்றாங்க. படம் சுத்தமா இருக்கணும்."

"சுத்தம் வேற, பொய் வேற சார்."

"பட்டியல்ல இல்லாத தெருவுக்கு என்னால குழாய் போட முடியாது. போய் வேலையைப் பாரு."

இந்தத் தடவை விட்டால் அடுத்த குழாய்க்குப் பத்து வருஷம் ஆகும். அது இருவருக்கும் தெரியும். அதுவரை அக்காவின் இடுப்பு தாங்காது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

வேலையைத்தான் பார்த்தாள். அன்று சாயங்காலமே மேட்டுச் சந்தின் படிகளில் ஏறினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே அக்கா வீடு வீடாகக் கூட்டிப்போனாள். புகார் சொன்னபோது வாரியம் அனுப்பிய எண்ணை எல்லோரும் போனில் தேடிக் காட்டினார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இடத்தைக் குறித்து, எண்ணையும் தேதியையும் புகாரையும் எழுதிக்கொண்டாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு? வேலை போயிடப் போகுது."

"போனா போகட்டும்க்கா. நீ அடுத்த கதவைத் தட்டு."

அந்த நாற்பத்து மூன்றையும் நீலப் புள்ளிகளாகத் தன் கணினியிலேயே தனிக் கோப்பாக வைத்து, படத்தின் மேல் சேர்த்தாள். படத்தைப் பெரிய பொறியாளருக்கு அனுப்பி, 'எதையும் அழிக்கவில்லை. நீலப் புள்ளிகளுக்கு நான் பொறுப்பு' என்று கீழே எழுதினாள். பதில் வரவில்லை. ரப்பர் வாயைத் திறக்கவில்லை என்றால் எங்கோ எதையோ தேய்க்கிறார் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை. கூட்ட அறை நிறைந்திருந்தது; தலைமை நாற்காலியில் வாரியத் தலைவி. மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்து, படத்தைத் திறந்தாள். 'தரவுத்தளத்தை அணுக அனுமதி இல்லை' என்றது. நேற்றுவரை இருந்த அனுமதியைக் காலையில் யாரோ பிடுங்கியிருந்தார்கள். யாரோ என்ன, ரப்பர்தான்!

"ஓசியில கிடைச்சதை நம்பினா இதான் கதி," என்று எழுந்தார் ரப்பர். "போன வருஷப் படம் கையோட கொண்டுவந்திருக்கேன் மேடம். அதையே பாத்துக்கலாம்."

யாரும் அவர் கையிலிருந்த படத்தைப் பார்க்கவில்லை. தெருக்கள், குழாய்கள், ஊரின் சிவப்புப் புள்ளிகள் எல்லாமே தரவுத்தளத்திலிருந்து வந்தவை, ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளைத் திரையில் நாற்பத்து மூன்று நீலப் புள்ளிகள் மட்டும், பக்கத்தில் அதனதன் புகார் எண்ணோடு, மேடு ஏறுவதுபோல் வளைந்து நின்றன.

வாரியத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது எந்த இடம்?"

"மேட்டுச் சந்து மேடம்."

"மத்த ஊரெல்லாம் எங்கே?"

"அதைப் பாக்கற அனுமதியை இன்னைக்குக் காலையில எடுத்துட்டாங்க. இது மட்டும் என் கணினியில இருந்ததால தப்பிச்சுது."

"அந்தத் தெரு நம்ம பட்டியல்லயே இல்ல மேடம்," என்று குறுக்கே பாய்ந்தார் ரப்பர்.

"பட்டியல்ல இல்லாத தெருவுக்கு நாப்பத்து மூணு புகார் நம்பர் குடுத்தது யாரு? நம்ம வாரியந்தானே?" என்று கேட்டார் தலைவி.

ரப்பர் அவளைப் பார்த்து, "சரி சரி, நீ உக்காரும்மா," என்றார்.

அவள் உட்காரவில்லை. முதல் புள்ளியைச் சொடுக்கி, தேதியோடும் எண்ணோடும் அக்காவின் புகாரை உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் திரையில் இரண்டாவது வீட்டுக்குப் போனாள்.