சாய்ந்த செப்புக் குச்சிகள்

1

"இதைக் கதையாக்கிப் போடாதீங்க்கா" என்று கிருபா கேட்டுக்கொண்டாள். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி, கோபிசெட்டிபாளையத்துப் பெண். தலையாட்டிவிட்டு, மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரி: 'நுண்ணோக்கியின் முன்னால் அவள் ஒரு தேவதையைப் போல…'

வேண்டாம். நுண்ணோக்கியில் பார்க்கப் போன அன்று அவள் தலைகூடச் சீவாமல் ஓடினாள். அதுதான் உண்மை.

2

ஐந்து வருஷமாக அவள் பார்ப்பது முலாம் பூசும் வேலை. [எங்கள் ஊர் கணபதிப் பகுதிப் பட்டறைகளில் போல்ட்டுக்குப் பூசுவார்களே, அதேதான், இது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.] மிக நுண்ணிய துளைகள் உள்ள தகட்டைச் செப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் விட்டால், துளைகளுக்குள் செம்பு வளரும். பிறகு தகட்டைக் கரைத்துவிட வேண்டும். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய குச்சிகள் வரிவரியாக நிற்கும்.

நிற்க வேண்டும். இந்த மாதத்தோடு அவளுக்குக் கொடுத்த கூடுதல் காலம் முடிகிறது. அதற்குள் ஆய்விதழுக்குக் கட்டுரை போகாவிட்டால் பட்டமில்லை.

3

நுண்ணோக்கியை இயக்கும் அப்துல் நாசர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, நிக்குதுங்களா?"

"படுத்துக்கிச்சு அம்மணி. மழையில சாஞ்ச நெல்லாட்ட இருக்குது."

காயும்போது ஈரம் இழுத்து, குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்திருந்தன. ஒரே ஒரு மூலையில் மட்டும் அழகாக நின்றன.

வழிகாட்டிப் பேராசிரியர் வெங்கடபதிக்குப் போன் போட்டாள்.

"அந்த மூலைய மட்டும் படமெடுத்துப்போட்டு வந்துரு கண்ணு. மிச்சத்தை யாரு கேக்கப் போறாங்க?"

"எதைச் சேவ் பண்ணட்டும்?" என்றார் நாசர்.

கிருபா போனை வைத்தாள். "ரெண்டையுமுங்க."

4

கதைக்கு யோசித்த முடிவுகள்.

(அ) பேராசிரியரை எதிர்த்துப் பேசி ஜெயிக்கிறாள். அடித்துவிட்டேன். அவளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு; பயமும் உண்டு.

(ஆ) மூலையை மட்டும் அனுப்பிப் பட்டம் வாங்கிய பிறகு ஒருநாள்…

இதுவும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: இரண்டு படங்களையும் கட்டுரையில் வைத்தாள். 'பத்தில் ஒரு பங்கு இடத்தில் மட்டுமே நின்றன' என்று ஒரு வரி சேர்த்து அவருக்கு அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை.

சற்றுமுன் படியிறங்கி வந்தாள். கையில் போன் இருந்தது.

"சார் மூணு நாளா போனே எடுக்க மாட்டேங்கறாருங்க்கா. அந்த வரியை எடுத்துப்போட்டு, மூலைப் படத்தை மட்டும் வெச்சு மறுபடி அனுப்பிரட்டுங்களா?"

"இரு, தண்ணி கொண்டாறேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். சமையலறை மேடையில் நோட்டை வைத்து இதை எழுதுகிறேன். சொம்பு நிறைந்து வழிகிறது. வெளியே அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

அனுப்பு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்களேன்.