அணுமணலுக்கு அடிப்பாரம்

அது 1946. விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் இருக்கையில், தூத்துக்குடியில் தோணித் தலைவரான இனிகோ தண்டலின் தோணியைச் சர்க்கார் தன் வேலைக்குப் பிடித்துக்கொண்டது. அணுகுண்டுக்காரர்கள் தேடுகிற குமரிக் கருமணல் நாற்பது மூட்டை, நடுக்கடலில் நங்கூரமிட்டிருந்த அயல்நாட்டுக் கப்பலுக்குப் போக வேண்டும். சொந்த ஊரில் அந்த மணலைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. இங்கே வருவதற்குள் அதற்கு லாரி, இன்ஷூரன்ஸ், எட்டுத் துப்பாக்கிப் போலீஸ், சென்னையிலிருந்து நயினார் என்ற ஸ்பெஷல் ஆபீசர். மணலின் விலையைவிட, காவல் காத்தவர்களின் கறிச்சோற்றுச் செலவு கூடிவிட்டது.

இனிகோவின் கவலை வேறு. மகள் அமலோற்பவத்துக்கு மறுநாள் காலை, தெற்கே கடற்கரையிலுள்ள மணப்பாட்டில் கல்யாணம். பெண் வீட்டார் போகவிருந்ததே இந்தத் தோணியில்தான். நாளையை விட்டால் தவக்காலம். ஈஸ்டர்வரை எந்தக் கோயிலிலும் தாலி ஏறாது.

மூட்டைகள் ஏறின. பெரிய உப்புத்தோணி அந்தச் சொற்பப் பாரத்தில் தேங்காய் மட்டைபோல ஆடியது.

“அடிப்பாரம் பத்தாது அய்யா. பாய் விரிச்சா கவுந்துரும். கொஞ்சம் கல்லு ஏத்திக்கிடுதேன்” என்றார் இனிகோ.

“இதோடு வேறு சரக்கு ஏற்றக்கூடாதென்று உத்தரவு. கல்லும் சரக்குதான். தந்தி அடித்துக் கேட்கிறேன்” என்றார் நயினார்.

“பதில் எப்ப வரும்?”

“மூன்று நாளில்.”

கப்பலோ அன்று மாலையே கிளம்புகிறது. அது நினைவுக்கு வந்ததும் நயினாரின் மீசை தளர்ந்தது.

கரையில் பெட்டி படுக்கையோடு நின்ற கல்யாணக் கூட்டத்திலிருந்து இனிகோவின் தங்கை அந்தோணியம்மாள் முன்னே வந்தாள். “ஏன் சார்வாள், மனுசரு சரக்கா?”

நயினார் ஆழ்ந்து யோசித்தார். “இல்லை.”

“பொறவென்ன? ஏளா, எல்லாரும் ஏறுங்க! எங்க மதினி ஒருத்தியே நாலு மூட்டைக்குச் சமம்.”

“உன்னய விடவா?” என்றபடி இனிகோவின் மனைவி ஏறினாள்.

மணப்பெண்ணோடு அறுபது பேர் ஏறினார்கள். பேண்டுக்காரரின் டிரம்மைப் போலீஸ் தடுத்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் அது சரக்கல்ல, உடுப்பு என்று நயினாரே தீர்ப்புச் சொன்னார். நயினாரும் போலீசும் காவலுக்கு உடன்வர, உலகத்தின் பரம ரகசியம் பேண்டு முழங்கக் கப்பலைச் சேர்ந்தது. கப்பல்காரர்கள் கைதட்டி மூட்டைகளை இழுத்துக்கொண்டார்கள்.

“சரி, தோணியைத் திருப்பு” என்றார் நயினார்.

“உங்க மணலுதான் இறங்கிட்டுதே, இனி எங்க தோணி. வாடைக்காத்து நல்லா வீசுது, நேரா மணப்பாடுதான்” என்றாள் அந்தோணியம்மாள். “பேசாம இரும். இனிமே நீரும் பாரந்தாம்.”

பொழுது சாயும் நேரத்தில் மணப்பாட்டில், மணப்பெண்ணுக்கு முன்னால் எட்டுப் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள்.

“எம்மாடி, சம்பந்தி இம்புட்டுப் பெரிய ஆளா!” என்று மாப்பிள்ளையின் அப்பா வாய்பிளந்தார். இனிகோ மறுக்கவில்லை.

காலையில் தாலி ஏறியது. கோயில் வாசலுக்கு மணமக்கள் வந்ததும், முன்வரிசை மரியாதையில் குளிர்ந்துபோயிருந்த நயினார் நெஞ்சை நிமிர்த்தி, “ஃபயர்!” என்றார். எட்டுத் துப்பாக்கியும் வானம் பார்த்து வெடித்தன. அமலோற்பவம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.