பஞ்சநாதனுக்கு வெட்டு

பட்டுக்கோட்டையில் தேங்காய்க்கு விலை வைப்பது யார் என்று கேட்டால், கடவுள் என்று சொல்ல இளையபெருமாளுக்கு ஆசைதான். ஆனால் உண்மை அவருக்குத் தெரியும். விலை வைப்பது அவர்.

மணிக்கூண்டுப் பக்கம் அவருக்கு ஒரு தேங்காய் மண்டி. மண்டியைவிடப் பெரியது அவர் செல்போனில் நடத்திவந்த குழு. 'டெல்டா தேங்காய்' என்று பெயர், இருபதாயிரம் உறுப்பினர்கள். தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே அவர் ஒரு விலையைப் போடுவார். முத்துப்பேட்டை வரை தோப்புக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் காய் போடுவார்கள். காங்கேயம் சந்தையில் விலை கூடுதல் என்று யாராவது எழுதினால், அடுத்த நொடி எழுதியவர் குழுவில் இருக்கமாட்டார். உரக்கடை வைத்திருக்கும் மலர்க்கொடி அப்படித்தான் போனாள். காரணம் கேட்டதற்கு, "குழு அமைதி கெடுதும்மா" என்றார்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குழுவில், ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல எழுதினார்:

'பஞ்சநாதனுக்கு நாளைக்கு வெட்டு. ஆறு பேர் அரிவாளோட வாங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது.'

பஞ்சநாதன் தோப்பில் காய் வெட்ட ஆள் வேண்டும் என்பது டெல்டாவில் பச்சைப் பிள்ளைக்கும் புரியும். குழுவுக்கு இடம் கொடுத்த கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. அதன் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியும், தேங்காய் தெரியாது. டீ வருவதற்குள் குழுவை முடக்கிவிட்டது.

மறுநாள் பஞ்சநாதன் போனை நீட்டிக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தார்.

"என்னண்ணே, என்னைய வெட்டப் போறீங்களாமே? உயிருக்கு ஆபத்து இருக்கு, பத்திரமான எடத்துக்குப் போயிடுங்கன்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்."

"அதுக்கு இங்கயா வந்தீங்க?"

"இங்கதான டீ வாங்கித் தருவீங்க."

இளையபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு ஆளைப் போன் போட்டுப் பிடித்துவிடலாம். விலை போடாமல் எத்தனை காலை தாங்க முடியும்? மூன்றாம் நாளே தோப்புக்காரர்கள் காங்கேயத்துக்கு நேராகப் போன் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் அவரிடமே வந்து, "உங்க விலை ஏன் காங்கேயம் விலைக்கு இவ்வளவு கீழ நிக்குது?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

அன்று மாலை மண்டியில் கூட்டம் போட்டார். மட்டைக் குவியல்மேல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"தோப்பு நம்மது. காய் நம்மது. பேச்சும் நம்மது. வேலி மட்டும் எவனோ போட்டது. உள்ள வராதன்னு நம்மள சொல்றதுக்கு அவன் யாரு? இதை யாரு ஆளணும், சொல்லுங்க."

"கவர்மெண்ட்டு எடுத்துக்கட்டும்" என்றது ஒரு குரல்.

"கவர்மெண்ட்டா?" என்றார் பஞ்சநாதன். "மேட்டூர்ல தொறந்த தண்ணியவே கடைமடைக்குக் கொண்டாந்து சேக்க முடியல. நம்ம மெசேஜ் என்னிக்கு வந்து சேரும்?"

"அப்ப சொசைட்டி?"

"சொசைட்டில யூரியா வாங்கப் போயி நின்னவன் இதச் சொல்லுவானா?"

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் மலர்க்கொடி எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மண்டிக்கு அட்மின் இல்லாததால் யாரும் தடுக்கவும் முடியவில்லை.

"அண்ணே, உறுப்பினருங்களே ஓட்டுப் போட்டு ஆளட்டும்னு கம்பெனிக்கு எழுதுங்க."

இளையபெருமாளுக்கு அது தேனாக இனித்தது. இருபதாயிரம் ஓட்டும் தன் பையில் இருப்பதாக அவர் நம்பினார். அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுதி, உரக்கப் படித்தார்: "ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தைத் தனி ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஆளக் கூடாது. கூடுவோரே ரகசிய வாக்கெடுப்பில் தலைமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணமின்றி வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும்."

கைதட்டலில் மலர்க்கொடியின் கைதான் பலமாகக் கேட்டது.

கம்பெனியிடமிருந்து பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தது. உயர்ந்த கருத்து, முழுமனதுடன் ஏற்கிறோம், உடனே நடைமுறைக்கு வருகிறது என்று தேன் சொட்டச் சொட்ட எழுதியிருந்தார்கள். கடைசி வரியில்தான் விஷயம்: 'உங்கள் குழுவில் மட்டும்.'

கம்பெனி கம்பெனிக்காரனிடமே இருந்தது. முடக்கம் நீங்கிய குழு தேர்தலுக்குப் போனது.

வெளியேற்றப்பட்டவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். அவர்கள் இத்தனை பேர் என்பது வெளியேற்றியவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மலர்க்கொடி அமோகமாக ஜெயித்தாள்.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இளையபெருமாள் மனைவியிடம் கேட்டார். "கமலவல்லி, நீ யாருக்குப் போட்ட?"

"ரகசிய வாக்கெடுப்புங்க. நீங்க எழுதுனதுதான?" என்று ரசத்தை ஊற்றினாள் கமலவல்லி.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் விலையைப் போட்டார். 'நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்றது திரை. பல் துலக்கிவிட்டு வந்தார், காத்திருந்தது. இட்லி சாப்பிட்டார், அப்போதும் காத்திருந்தது. உரக்கடைக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, நம்ம விலைய நிறுத்தி வச்சிருக்க?"

"விலை போட்டா பக்கத்துலயே காங்கேயம் விலையும் போடணும்ணே. உறுப்பினர் முடிவு."

"இது அநியாயம்மா."

"அப்ப மனு கொடுங்க. மனு எழுதுறதுல உங்கள அடிச்சிக்க ஆளு ஏது?"

அவர் தொண்டையைச் செருமினார். வியாபாரிக்குக் கோபம் வந்தால் நஷ்டம். பேரம் வந்தால் லாபம். "சரி, காங்கேயம் விலையும் போடுறேன். லாரி வாடகைய கழிச்சிட்டுப் போடுறேன்."

"கழிக்காமப் போடுங்க."

"பாதி வாடகை?"

"அண்ணே, கடையில ஆளு நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்று இரண்டு விலையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இளையபெருமாளின் விலை, கல்யாண வீட்டில் பழைய சட்டையோடு வந்தவன்போல் ஒடுங்கி நின்றது. மண்டிக்கு ஒரு லோடுகூட வரவில்லை.

மலர்க்கொடி விவரமானவள். கம்பெனியின் இயந்திரத்துக்கு எது பிடிக்காது என்று தெரிந்ததால், குழுவில் 'வெட்டு' என்ற சொல்லுக்கே தடை போட்டாள். அடுத்த முறை காய் இறக்க ஆள் தேடியபோது வெகு ஜாக்கிரதையாக எழுதினாள்:

'பஞ்சநாதன் அண்ணன்கிட்ட நாளைக்குப் பறிப்பு. ஆறு பேர் வண்டியோட வாங்க. இருக்கிறது எல்லாத்தையும் அள்ளிடணும்.'

இயந்திரம் இந்த முறை டீ வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கூட்டுக் கொள்ளைக்குத் திட்டம் தீட்டியதாகச் சொல்லிக் குழுவை முடக்கியது. பஞ்சநாதனுக்கு, பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளும்படி அறிவுரை வந்தது. அவர் அதையும் எடுத்துக்கொண்டு மண்டிக்கு டீ குடிக்க வந்திருந்தார்.

இளையபெருமாளின் போன் அடித்தது.

"அண்ணே," என்றாள் மலர்க்கொடி. குரல் வெல்லப்பாகாக இருந்தது. "யாருண்ணே இவனுங்க? நம்ம எடத்துல நம்மள ஆளுறதுக்கு? அந்த மனுவோட நகல் இருக்கா?"

"பத்திரமா இருக்கும்மா." இளையபெருமாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பஞ்சநாதனுக்கு இன்னொரு டீ சொல்லும்படி மண்டி ஆளுக்கு ஜாடை காட்டினார். "அதுக்கு முன்னாடி, அந்த லாரி வாடகை விஷயத்தை ஒரு வார்த்தை பேசிடுவோம்."