கதிர் விடாத மொட்டைக்கறுப்பன்

வீட்டுக்கு முன்னால் இருந்த அரை ஏக்கர் நெல்லில் பாதி கதிர் விடாமல் நின்றது. அதனால் கீர்த்திகாவின் கலியாணமும் நிற்கப் பார்த்தது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். பாப்பாமோட்டையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த நெல் சம்பந்தி வீட்டு நெல்.

ஆவணியில் சம்பந்தம் பேசி முடிந்தபோது மாப்பிள்ளையின் தாய் பரமேஸ்வரி மொட்டைக்கறுப்பன் என்ற பழைய இன நெல்லில் ஒரு மூட்டை விதை கொண்டுவந்து இறக்கினார். "மற்ற வயலில உங்கட விருப்பத்துக்குப் புது இனம் போடுங்கோ அண்ணை. கலியாணச் சோறு மட்டும் இந்த நெல்லிலதான்" என்றார். கீர்த்திகாவின் அப்பா சீவரத்தினத்துக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டு வாசலில் இருந்து ரோட்டு வரைக்கும் கிடந்த துண்டை அதற்கென்றே ஒதுக்கி, ஒரே நாளில் தன் கையாலேயே விதைத்தார்.

மார்கழி முடியப்போகிறது. அந்தத் துண்டில் வீட்டுப் பக்கத்து நெல்லெல்லாம் ஒழுங்காகக் கதிர் தள்ளித் தலை சாய்க்கத் தொடங்கிவிட்டது. ரோட்டுப் பக்கத்து நெல்லோ இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சையாக, ஒரு கவலையும் இல்லாமல் நின்றது. தண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே குருத்து இலைதான். உள்ளே கதிர் உருவாகிக் குடலை பிடித்ததற்கான அடையாளமே இல்லை.

"யூரியா கூடிப்போச்சு. இலைக்குச் சத்துப் போனா கதிர் எங்கால வரும்?" என்றார் அம்மா இராசம்மா.

"ஒரே கையால எல்லா இடமும் ஒரே மாதிரி விசிறினனான். என்ர கை எனக்குத் தெரியாதோ?"

"அப்ப தண்ணி."

"ஒரு வாய்க்கால், ஒரு வரம்பு. தண்ணி என்ன பாதியில நிண்டு யோசிச்சுப் போட்டே போகுது?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கும் சுபத்திராவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன சீவரத்தினம் அண்ணை, சம்பந்தி வீட்டு நெல் இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லைப் போல" என்று வரம்பில் நின்று கேட்டாள். அவளுடைய வயலில் புது இன நெல் பொன்னாக விளைந்து கிடந்தது. அவள் சிரித்த சிரிப்பு அப்பாவின் நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அன்று சாப்பாட்டுக் கோப்பையை அரைவாசியில் தள்ளி வைத்தவர், மெதுவாகச் சொன்னார்:

"நான் வீட்டடியில இருந்துதான் விதைக்கத் தொடங்கினனான். மூட்டையில மேல இருந்த விதை நல்லாய் வந்திருக்கு. அடியில இருந்ததுதான் இப்பிடி நிக்குது. ஏதோ பிந்தி விளையிற இனத்தை அடியில கலந்து தந்திருக்கினம்."

"அப்பா! பரமேஸ்வரி மாமி அப்பிடிச் செய்யிற ஆளில்லை."

"விதையில கலப்படம் செய்யிற சனம் வேற எதில செய்யாது? ஞாயிற்றுக்கிழமை கலியாண நாள் வைக்க வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

அப்பா சொன்ன கணக்குப் பிழையில்லாத கணக்குத்தான். ஆனாலும் அந்த மனுசி ஏமாற்றியிருப்பார் என்று கீர்த்திகாவால் நம்பவும் முடியவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மாப்பிள்ளை கஜீபன் அடம்பனில் இருந்து ஊரூராகப் போய் வீடுகளுக்குச் சோலர் பூட்டுகிறவன். எப்போதும் பகிடியாகத்தான் கதைப்பான். இன்றைக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

"அம்மா ஒவ்வொரு நெல்லாப் புடைச்சுக் கட்டின மூட்டை கீர்த்தி. உன்ர அப்பா என்ர அம்மாவைக் கள்ளி எண்டுறாரோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"பிறகென்ன சொன்னவர்?"

"விதை கலந்திருக்கு எண்டுதான்..." என்று இழுத்தாள். "சரி, வை" என்றான் அவன். அவளும் வைத்தாள். வைத்த பிறகும் கிணற்றுக் கட்டிலேயே இருந்தாள். யாரோடு கோபிப்பது என்றே அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் மன்னாரில் கந்தோர் வேலை முடிந்து வந்து பஸ்ஸால் இறங்கியபோது பொழுது மைமலாகிவிட்டது. ரோட்டோரத்துக் குழாய்க் கம்பத்தில் இருந்த சோலர் லைட் தானாகப் பற்றிக்கொண்டது. ஐப்பசி மழைக்குள் ஒருநாள் இந்த வரம்பில் அவள் புடையன் பாம்பொன்றை மிதிக்கப் பார்த்தாள். கஜீபன் அந்தக் கிழமையே கொண்டுவந்து நட்ட விளக்கு அது. விடிய விடிய எரியும்; வெளிச்சம் வயலில் பாதிவரைதான் எட்டும். தினமும் அந்த வெளிச்சத்தில் நடக்கும்போது அவள் மனதுக்குள் சின்னதாக ஒரு சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

வரம்பில் பாதி தூரம் வந்தவள் நின்றாள்.

கதிர் விடாத அந்தப் பச்சைக்கு நடுவே கதிர் விட்ட நெல் ஒரு கோடாக ஓடியது. பகலில் அது கண்ணில் பட்டிருந்தும் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது அந்தக் கோடு முழுவதும் இருட்டாக இருந்தது. விளக்குக்குக் கிட்ட நின்ற ஒற்றைப் பனையின் நிழல் அதன்மேல் அளவெடுத்தது போல விழுந்திருந்தது. பனையடியில் ஒடுங்கி, போகப் போக விரிந்து, கதிரும் நிழலும் ஒன்றாகவே போயின.

செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். கதிருக்குள் நின்று திரும்பிப் பார்த்தாள். பனை மறைத்தது, விளக்குத் தெரியவில்லை. ஓரடி தள்ளி வெறும் பச்சைக்குள் நின்றாள். விளக்குக் கண்ணைக் குத்தியது. திரும்பவும் கதிருக்குள் வந்தாள். திரும்பவும் பச்சைக்குள் போனாள். பார்க்கிறவர்கள் பிள்ளைக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் வெளிச்சத்தில் பயிர் வளரும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தாள்? அதுவுமல்லாமல் இதே வெளிச்சம் ரோட்டுக்கு அந்தப் பக்கமும்தான் விழுகிறது. சுபத்திராவின் நெல் மட்டும் எப்படிக் கதிர் விட்டது? பிடித்த நூல் கையிலேயே அறுந்ததுபோல் இருந்தது.

கந்தோரில் அவளுக்குப் பக்கத்து இருக்கை டினோஜாவுடையது. மன்னார் நகரத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள். மறுநாள் காலை கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ர மாதாவே! உன்ர ஆள் லைட்டைப் போட்டு நெல்லை நித்திரை கொள்ள விடேல்லையடி."

"பகிடி விடாமல் சொல்லு."

"பகிடியில்லை. மொட்டைக்கறுப்பன் மாதிரிப் பழைய நெல்லுக்கு நீட்டு இரவு வேணும். மார்கழிக்குக் கிட்ட இரவு நீளும்தானே, அதை இலைதான் அறியிறது. இருட்டுப் போதும் எண்டு கண்டவுடனே இலையில ஒரு ஓமோன் ஊறித் தண்டு வழியாக் குருத்துக்குப் போகும். 'இலை விட்டது காணும், இனிக் கதிர் விடு' எண்டு சொல்லுற மாதிரி. இரவு முழுக்க லைட் எரிஞ்சா இலைக்கு இருட்டே தெரியாது. ஓமோனும் போகாது. நெல் பாவம், இலையை விட்டுக்கொண்டு நிக்கும்."

"சுபத்திராக்கான்ர நெல்?"

"புது இனம். அதுகள் இரவைப் பாக்கிறேல்லை. வயது வந்தாக் கதிர் விட்டிடும். லைட்டை நிப்பாட்டு, உங்கட நெல்லும் பிந்தியெண்டாலும் வரும்."

கீர்த்திகாவுக்கு முதலில் சந்தோசம் பொங்கியது. மாமி கலப்படம் செய்யவில்லை! அடுத்த நிமிடமே வேறொரு யோசனை வந்தது. தாயின் பெயரைக் காப்பாற்றப் போனால் மகனின் தலையை அல்லவா நீட்ட வேண்டும்? நெல்லைக் கெடுத்தது உங்கள் வருங்கால மருமகன்தான் என்று அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லலாமா, விடலாமா என்று மாறி மாறி நினைத்து, இறங்கும்போது ஒரு முடிவும் இல்லாமல்தான் இறங்கினாள். அப்பா வாசலிலேயே தொலைபேசியோடு நின்றார்.

"இப்பதான் பரமேஸ்வரிக்கு எடுக்கப்போறன், வரவேண்டாம் எண்டு."

"எடுக்கிறதுக்கு முந்தி ஒருக்கால் வயலுக்கு வாங்கோ அப்பா."

"என்னத்துக்கு?"

"வாங்கோவன்!"

அவள் அப்படிக் குரல் உயர்த்தியதேயில்லை. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

மைமலில் விளக்குப் பற்றியது. அவள் ஒன்றும் விளக்கவில்லை. அவரைக் கதிருக்குள் நிறுத்தி, "விளக்குத் தெரியுதோ?" என்றாள். "இல்லை." கையைப் பிடித்து ஓரடி இழுத்தாள். "இப்ப?" "தெரியுது." அவர் குனிந்து காலடியில் நின்ற நெல்லைப் பார்த்தார். பனையைப் பார்த்தார். பிறகு அவராகவே அங்கும் இங்கும் நடந்து பார்க்கத் தொடங்கினார்.

டினோஜா சொன்னதை அவள் தனக்கு விளங்கிய அளவில் சொன்னாள். கடைசியில், "அவரில கோபிக்காதேங்கோ அப்பா. எனக்காண்டித்தான் போட்டவர்" என்றாள்.

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

"அவன் உன்னட்டச் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"லைட்டைப் போடச்சொன்னது நான்தான் பிள்ளை. புடையன் எண்டவுடனே எனக்கு நித்திரை இல்லை. கலியாணத்துக்கு முந்தியே மருமோனிட்டக் கேட்டு வாங்கினவன் எண்டு ஊர் கதைக்கும், ஆரிட்டையும் சொல்லாதை எண்டனான். பெடியன் உன்னட்டக்கூடச் சொல்லேல்லை."

கீர்த்திகா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் வரம்பில் குந்தி இருந்து தொலைபேசியை எடுத்தார். அழுத்தினார், நிறுத்தினார், திரும்பவும் அழுத்தினார்.

"தங்கச்சி, நான் சீவரத்தினம் கதைக்கிறன்... ஓம்... இல்லை, விதை நல்ல விதை. நான்தான் அவசரப்பட்டு ஏதோ கதைச்சுப்போட்டன். அது வந்து... நெல்லுக்கு இருட்டு வேணுமாம்."

"என்ன வேணுமாம்?" பரமேஸ்வரியின் குரல் வெளியே கேட்டது.

"இருட்டு."

"எங்கட விதைக்கோ?"

"ஓம். இருட்டிலதான் இலை ஏதோ சொல்லி அனுப்புமாம், பிறகுதான் கதிர் வருமாம். பிள்ளைதான் சொன்னவள். உங்களுக்கு விளங்குதோ?"

"ஒரு சாமானும் விளங்கேல்லை அண்ணை."

"எனக்கும்தான்" என்றார் சீவரத்தினம். "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவனைக் கொண்டுதான் அந்த லைட்டைக் கழட்ட வேணும்."