பஞ்சுக்கால்

சோதனைப் பாதையில் நாற்பத்தோராவது சுற்று. மின்சார வேனின் கண்ணாடிகளெல்லாம் மூடியிருந்தன. இறக்கினால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஏசி போட்டால் பேட்டரி இறங்கிவிடும். கழுத்தில் ஈரத்துண்டோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மிதியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிக்கொண்டிருந்தார் பஞ்சுக்கால். அந்தக் காலுக்காகவே தொழிற்சாலை வைத்த பெயர் அது. ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, அது அவர் கால் கொடுத்த கணக்கு. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மதியம் தொழிற்சாலை வாசலில் தங்கை புருஷன் நின்றிருந்தான். அதே வேனைத்தான் அவன் ஒரு டிராவல்ஸில் ஓட்டுகிறான்.

"வேலை போச்சு, மச்சான்."

"என்ன மாப்ளே சொல்றே?"

"பதினாலு பேரை ஏத்திக்கிட்டுப் போனேன். கொளுத்துற வெயிலு, ஏசி போடச் சொன்னாங்க. இருநூத்திப் பத்து கிலோமீட்டர்ல, மேம்பாலத்து மேல வண்டி படுத்துடுச்சு. கம்பெனிக்காரன் முந்நூறுங்கிறான், நீதான் கண்டபடி மிதிச்சிருக்கேன்னு டிராவல்ஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. இந்தத் தாளோட போனா எவன் வேலை குடுப்பான்? உங்க தங்கச்சிக்கு ஒன்பதாம் மாசம்."

தாளில் காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: ஓட்டுநர் பிழை.

"ஆள் ஏத்தி ஏசி போட்டா முந்நூறு வராதுன்னு உங்க கம்பெனியிலேர்ந்து ஒரு வரி வாங்கிக் குடுங்க மச்சான். உங்க கால்ல வேணா விழறேன்."

பஞ்சுக்கால் சட்டென்று பின்வாங்கினார். நாலு பேர் மெச்சிய கால், கூடப் பிறந்தவள் வயிற்றிலல்லவா மிதித்திருக்கிறது!

பஞ்சுக்கால் உள்ளே போய் அந்த ஒரு வரியைக் கேட்டதும் மேற்பார்வையாளர் சிரித்தார். "நாளைக்கு அறுபது வண்டி வெளிய போகுது. இப்ப போய் வராதுங்கிறீங்க? முந்நூறுன்னு கையெழுத்துப் போட்டது யாரு, நானா?"

மறுநாள் காலையில் பஞ்சுக்கால் யாரையும் கேட்கவில்லை. பதினான்கு ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றினார், ஏசியைப் போட்டார், செருப்போடே உட்கார்ந்தார். சாலையில் எல்லாரும் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். சாயங்காலம் இருநூற்றெட்டில் வண்டி நின்றது. நின்ற வண்டியிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவர் இறங்கியதே இல்லை.

"பாருங்க சார், இருநூத்தியெட்டு! இதை அப்படியே எழுதிக் குடுங்க, போதும்."

மேற்பார்வையாளர் மணல் மூட்டைகளைப் பார்த்தார். ஏசி பொத்தானைப் பார்த்தார். பஞ்சுக்கால் போட்டிருந்த செருப்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதி, தாளைக் கிழித்து நீட்டினார்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

வாசலில் காத்திருந்த மாப்பிள்ளை தாளைக் கண்டதும் ஓடிவந்தான். "எழுதிக் குடுத்துட்டாங்களா, மச்சான்?"

"குடுத்துட்டாங்க."

அவன் வாங்கிப் படித்தான். அதே இரண்டு சொல்தான். வேலிக்கு அந்தப் பக்கம், சோதனைப் பாதையில், புது ஆள் ஒருவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு வேனில் ஏறினான். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மேலேறி மூடிக்கொண்டன.