வீரமலைக்கு டொராண்டோ எவ்வளவு தூரம்

திருச்சியிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம் என்பது, அங்கே யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. சாதாரண மனத்தாங்கல் உள்ள குடும்பங்களுக்கு இருபது மணி நேரப் பயணம். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மூன்று மாதத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். விமானம் ஒன்றுதான். அவரவர் சீட்டு அவரவர் நேரத்தில் போய் இறங்கும்.

முசிறி வீரமலை காலை ஆறு மணிக்கே திருச்சி விமான நிலையத்துக்கு வந்து வரிசையில் நின்றார். அறுபத்தெட்டு வயது. முழங்கால் கடுத்தது. பையில் நெற்றிப்பட்டம் இருந்தது. நாளை மறுநாள் டொராண்டோவில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் பட்டம் கட்டாமல் பெண் மணவறை ஏறக்கூடாது.

கவுண்டரில் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள்: "யாரைப் பார்க்கப் போறீங்க ஐயா?"

"மச்சான் குணசீலன். அவருதான் டிக்கெட் போட்டது."

"முப்பத்தொரு வருஷம் ஆகும். நடுவுல துபாய்ல மூணு வருஷம் நிக்கும்."

வீரமலை தலையாட்டினார். கணக்கு சரிதான். தங்கை கல்யாணத்தில், முதல் பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருந்த இவரை, தன் சிநேகிதர்களுக்கு இடம் வேண்டும் என்று எழுப்பிவிட்டவர் மாப்பிள்ளை குணசீலன். இலையில் ஜாங்கிரிகூட வைத்தாகியிருந்தது.

"தங்கச்சியப் போட்டுப் பாரு தாயி. தைலம்மாள்."

"நாலு வருஷம்."

"அம்மா செத்ததுக்கு வரல. செல்போன்லயே பார்த்து அழுதா."

"கொஞ்சம் விட்டுக்கொடுத்தா குறையும் ஐயா."

வீரமலை கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். திரையில் எண் இறங்கியது. ஒரு வருஷம். நாற்பது நாள். ஐந்து நாள். பிணத்தை எடுக்கும்போது, 'செல்லை இன்னும் ஒசத்திப் பிடிங்க, மறைக்குது' என்று தைலம்மாள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. மறுபடி நாலு வருஷம் ஆனது.

"முடியல தாயி."

பின்னால் நின்றவர் பெட்டியை உருட்டினார். "யோவ் பெருசு, எனக்கே ஒன்றரை மாசம் காட்டுது. உன்னால அது இன்னும் ஏறிடப்போகுது."

"வேற யாராச்சும் இருக்காங்களா ஐயா?"

"கல்யாணப் பொண்ணு. மிருதுளா. அங்கயே பொறந்தது. நான் பார்த்ததும் இல்ல, பேசினதும் இல்ல."

அவள் தட்டினாள். திரை வெறுமையாக நின்றது.

"தூரமே இல்லை. இதுக்கு விமானம் விடுறதில்ல. கழிவறைக்குப் பக்கத்துல ஒரு கதவு இருக்கு, நடந்து போயிடுங்க."

வீரமலை பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். மருதாணி காயாத கைகளை விரித்துப் பிடித்தபடி, ஒரு பெண் முழங்கையால் திறந்தாள். உள்ளே ரசம் கொதித்தது. அவளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. வீரமலை திருச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் கால் வைத்தார்.

"வாங்க அங்கிள்," என்றாள் அவள், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

மாமா என்று வரவில்லை. தாய்மாமனைப் பார்த்து அங்கிள்.

வீரமலை பையைத் திறந்தார். பட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம், செருப்பு பதினேழு மணி நேரத் தொலைவில் கிடந்தது.